பழைய மானிட்டரை வீட்டிலேயே பழுது பார்ப்பது எப்படி? தோட்டப் பட்டணத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த பட்டணத்தில் கைப்பேசி பழுது பார்க்க ஆள் கிடைக்கும். கணினி மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போனால் "புதுசு வாங்கிடுங்க" என்பதுதான் பெரும்பாலும் பதில். ஈப்போவுக்குக் கொண்டு போனால் திறந்து பார்க்கவே கூலி கேட்பார்கள். அந்தக் கூலிக்கு இன்னொரு பழைய மானிட்டரே கிடைத்துவிடும். பிள்ளைகளின் பள்ளிப்பாடத்துக்கோ, வீட்டிலிருந்து செய்யும் கணக்கு வேலைக்கோ 80, 100 வெள்ளிக்கு (ரிங்கிட்) பழைய மானிட்டர் வாங்குபவர்கள் நம்மில் நிறையப் பேர். அது கெட்டுப்போனால் போட்ட காசு போனதுதான் என்று விட்டுவிட வேண்டியதில்லை.

இந்த வேலையை நான் கற்றுக்கொள்ள ரொம்பச் சிரமப்பட்டேன். ஆங்கிலக் காணொளிகளில் காட்டும் கருவிகள் இங்கே பக்கத்தில் கிடைப்பதில்லை. பாகம் எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அதனால் வரிசையாக எழுதுகிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே மனத்தில் வையுங்கள்: திறப்பதற்கு முன்னால், பழுது எந்த வகை என்று முடிவு செய்யுங்கள். காசும் நேரமும் வீணாவது பெரும்பாலும் அந்த ஒரு படியைத் தாண்டிக் குதிப்பதால்தான்.

1. எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்று முதலில் எழுதி வையுங்கள்

புதிய 22 அல்லது 24 அங்குல மானிட்டர் மலிவு விலையில் சுமார் 300 முதல் 350 வெள்ளிக்குக் கிடைக்கிறது, உத்தரவாதத்தோடு. ஆகவே பழைய மானிட்டரை வாங்கிய விலையும் பாகச் செலவும் சேர்ந்து அதில் பாதியைத் தாண்டக் கூடாது. 90 வெள்ளிக்கு வாங்கியிருந்தால் பழுதுக்கு 60, மிஞ்சிப்போனால் 70 வெள்ளி. அதற்கு மேல் போகும் என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். "இவ்வளவு போட்டாச்சே, இன்னும் கொஞ்சம் போடலாம்" என்று தோன்றும். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

கருவிகளுக்கு ஆகும் காசு இதில் சேராது. அவை அடுத்த பழுதுக்கும் உதவும்.

2. ரசீதையும் பேச்சையும் பத்திரப்படுத்துங்கள்

கடையில் வாங்கியிருந்தால் ஸ்குரூவைத் தொடும் முன் ரசீதைத் தேடுங்கள். பழைய பொருளுக்குப் பல கடைகள் ஒரு வாரம், ஒரு மாதம் என்று வாய்வார்த்தையில் உத்தரவாதம் தரும். பின்பக்கம் உள்ள ஸ்டிக்கரை நீங்கள் கிழித்துவிட்டால் அந்த உத்தரவாதம் போச்சு. மானிட்டரின் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண், சீரியல் எண், வோல்ட்டேஜ் எல்லாம் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். பின்னால் பாகம் தேடும்போதும் அந்தப் படம் வேண்டியிருக்கும்.

எனக்கு ஒரு கடையில் "டெஸ்ட் பண்ணியாச்சு, ஓகே" என்று சொல்லிக் கொடுத்த மானிட்டர் வீட்டுக்கு வந்ததும் இரண்டு விநாடி எரிந்து அணைந்தது. அவர்கள் சொன்னதெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தில் இருந்ததால்தான் பாதிக் காசாவது திரும்பி வந்தது. ஆகவே வாங்கும்போதே கேள்வியை எழுத்தில் கேளுங்கள். விற்பவர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருந்தால் "மானிட்டர் போலே ஆன் தாக்? அடா காரிஸ்?" என்று ஒரு வரி போதும். எரிகிறதா, கோடு இருக்கிறதா என்பதற்கு வரும் பதிலை அழிக்காமல் வையுங்கள். ஷாப்பி, லசாடாவில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதைக் காணொளியாக எடுங்கள். எரியவைத்து, ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுப் பார்க்கும் முன் பொருள் கிடைத்துவிட்டது என்ற பொத்தானை அழுத்தாதீர்கள்.

வியாபாரி ஏமாற்றியிருந்தால் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்ற பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடலாம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது, உரையாடல் படங்கள், அடையாள அட்டை விவரம் இவை இருந்தால் மனுவை நீங்களே நிரப்பலாம். ஆனால் ஒன்று: அது வியாபாரியிடம் வாங்கியதற்குத்தான். பக்கத்துத் தாமானில் ஒருவர் தம் வீட்டு மானிட்டரை விற்று, அது கெட்டுப்போனால் அங்கே வழி கிடையாது.

3. திறக்காமலே பார்க்க வேண்டியவை

இதற்கு ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். "செத்துப்போன" மானிட்டர் பல இந்தப் படியிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும்.

முதலில் சொக்கெட். அதே சொக்கெட்டில் வேறு ஒரு பொருளைச் செருகிப் பாருங்கள். பழைய லயத்து வீடுகளில் சொக்கெட்டுகள் தளர்ந்து போயிருக்கும், அதனால் நேராகச் சுவர்ச் சொக்கெட்டில் போட்டே சோதியுங்கள், எக்ஸ்டென்ஷனில் வேண்டாம். அடுத்து மூன்று முள் பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸ். மல்டிமீட்டரில் (மின்சாரம் அளக்கும் கருவி) பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து இரண்டு முனைகளையும் தொட்டால் தெரிந்துவிடும். போயிருந்தால் அதே ஆம்பியர் எழுதிய ஃபியூஸ் போடுங்கள். வெள்ளித்தாளைச் சுற்றிப் போடுவது இங்கே ஒரு பழக்கமாக இருக்கிறது. வீடு எரிய அது ஒன்றே போதும்.

பிறகு வயர். கணினியின் சிபியுவுக்குப் போகும் அதே வகை வயர்தான் பல மானிட்டர்களுக்கும். மாற்றிப் பாருங்கள்.

தனியாக அடாப்டர் உள்ள மாடலாக இருந்தால் பழுது அடாப்டரில்தான் இருக்க நிறைய வாய்ப்பு. மாற்று அடாப்டர் தேடும்போது கவனமாக இருங்கள்: வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், முனையின் அளவும் பிளஸ் மைனஸ் குறியும் ஒத்துப்போக வேண்டும். சாம்சுங் மாடல்கள் பல 14 வோல்ட், எல்ஜி மாடல்கள் பல 19 வோல்ட். முனை பொருந்துகிறதே என்று ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் உள்ளே இருக்கும் நல்ல போர்டும் (மின்சுற்றுப் பலகை) போய்விடும். இன்னொன்று, அடாப்டரைத் தனியாக அளந்தால் சரியான வோல்ட் காட்டும், மானிட்டரில் செருகியதும் வோல்ட் இறங்கிவிடும். ஆகவே மீட்டர் சரியாகக் காட்டினாலும் அடாப்டர் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். நண்பரிடம் ஒத்த அடாப்டர் இருந்தால் ஒரு நாள் கடன் வாங்குங்கள். புதிதாக வாங்கினால் சுமார் 15 முதல் 35 வெள்ளி.

"நோ சிக்னல்" என்று எழுத்து வந்தால் மானிட்டருக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். கேபிளை மாற்றுங்கள், மெனுவில் சரியான உள்ளீட்டைத் தேர்ந்தெடுங்கள், வேறு மடிக்கணினியில் செருகிப் பாருங்கள். இடி விழுந்த பிறகு எச்டிஎம்ஐ துளை மட்டும் செத்து, விஜிஏ துளை வேலை செய்வது நம் பக்கத்தில் சகஜம். அப்படியிருந்தால் மானிட்டரைத் திறக்கவே வேண்டாம், விஜிஏயிலேயே ஓட்டுங்கள்.

4. அறிகுறியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

இந்தப் படிதான் முக்கியமானது. அறை விளக்கை அணைத்துவிட்டு, மானிட்டரைக் கணினியோடு இணைத்து எரியவிட்டுப் பாருங்கள்.

பவர் பொத்தான் பக்கத்துச் சின்ன விளக்கு எரிகிறது, திரை கறுப்பு. கைவிளக்கைக் கண்ணாடிக்கு அருகே சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். உள்ளே மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னொளி (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) போயிருக்கிறது, படம் உண்டாக்கும் பகுதி நன்றாக இருக்கிறது.

இரண்டு விநாடி படம் வந்து அணைகிறது. பழைய, டியூப் வகைப் பின்னொளி உள்ள மானிட்டர்களில் இது அதிகம். டியூப் களைத்திருந்தாலோ, அதற்கு மின்சாரம் தரும் பகுதியில் கோளாறு இருந்தாலோ அது தானே அணைத்துக்கொள்ளும். அந்தப் பகுதியின் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்ன உருளைப் பாகம்) கெட்டிருந்தால் மீட்கலாம். டியூப் என்றால் யோசிக்க வேண்டும்.

விளக்கு விட்டுவிட்டு எரிகிறது, அல்லது காலையில் எரிய வெகுநேரம் எடுத்து, சூடானபின் ஒழுங்காக ஓடுகிறது. இது கெட்டுப்போன கெப்பாசிட்டரின் அடையாளம். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பழுது கிடையாது. பாகம் சில வெள்ளிக்குள் முடியும்.

பொத்தானை அழுத்தினால் மட்டும் பதில் இல்லை, அல்லது மெனு தானாக வந்து போகிறது. பொத்தானுக்குப் பின்னால் உள்ள சின்ன சுவிட்சு ஈரத்தில் துருப்பிடித்திருக்கும். இதுவும் எளிது.

செங்குத்துக் கோடுகள், பாதித் திரை வெளுப்பு, மை கொட்டியது போன்ற கறை, விரிசல். இவை பேனல், அதாவது படம் காட்டும் திரையின் பழுது. கோடு மட்டும் இருந்தால், உள்ளே போகும் பட்டைக் கேபிளை ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்க்கலாம். அதற்கும் போகவில்லையென்றால் விட்டுவிடுங்கள். பேனலின் ஓரத்தில் மெல்லிய பட்டைகள் ஒட்டப்பட்டிருக்கும். அதைத் திரும்ப ஒட்டும் இயந்திரம் வீட்டில் வைத்திருக்கும் பொருள் அல்ல. பேனலைத் தனியாக வாங்கினால் இன்னொரு மானிட்டர் விலை ஆகிவிடும். கோடு விழுந்த மானிட்டரை "சும்மா கொடுக்கிறேன்" என்றாலும் உதிரிப் பாகத்துக்கு மட்டும்தான் வாங்க வேண்டும்.

5. கருவிகள், செலவு, காத்திருக்கும் காலம்

மல்டிமீட்டர் சுமார் 25 முதல் 40 வெள்ளி. வெப்பம் கூட்டிக் குறைக்கக்கூடிய 60 வாட் சோல்டரிங் அயர்ன் (ஈயம் உருக்கும் கருவி) 25 முதல் 40. ஈயக் கம்பி, 60/40 வகை, 0.8 மில்லிமீட்டர், ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை), ஈயம் உறிஞ்சும் பம்ப், இவை மூன்றும் சேர்ந்து 25க்குள். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று, அது எதற்கென்று அடுத்த படியில் சொல்கிறேன். பழைய டச் என் கோ அட்டை ஒன்று, ஸ்குரூ டிரைவர், மென்மையான பெயின்ட் பிரஷ். இவ்வளவுதான்.

அயர்னில் ஆக மலிவான, வெப்பத்தை மாற்ற முடியாத வகையை எடுக்காதீர்கள். சூடு போதாமல் ஒரே இடத்தில் வெகுநேரம் அழுத்திப் பிடிக்க வேண்டிவரும். போர்டில் உள்ள செப்புத் தடம் உரிந்து வந்துவிடும். மிச்சப்படுத்திய பத்து வெள்ளி போர்டையே தின்றுவிடும்.

கெப்பாசிட்டர் ஒன்று 50 சென்னிலிருந்து 2 வெள்ளி வரை. கோலாலம்பூர் புடுவில் உள்ள ஜாலான் பாசார் எலெக்ட்ரானிக் பாகங்களுக்குப் பேர் போன தெரு. அங்கே போகும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் எண்ணை எழுதிக் கொடுத்துவிடலாம். இல்லையென்றால் இணையத்தில் வாங்குங்கள். உள்நாட்டு விற்பனையாளர் என்றால் மூன்று நாளிலிருந்து ஒரு வாரம், சீனாவிலிருந்து என்றால் இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். ஆகவே ஒன்றொன்றாக வாங்காமல், போர்டைப் பார்த்துப் பட்டியல் எழுதி ஒரே தடவையில் எடுங்கள். ஒவ்வொரு தடவையும் தபால் கூலி வேறு.

6. உயிருக்கு ஆபத்தான இடம்: இந்தப் படியைப் படிக்காமல் விடாதீர்கள்

அடாப்டர் வெளியே இருக்கும் மானிட்டரில் உள்ளே பெரும்பாலும் 12 முதல் 20 வோல்ட்தான் நுழைகிறது. பின்னொளிக்கு மின்சாரம் தரும் மூலை மட்டும் விதிவிலக்கு. சுவர் வயர் நேராக உள்ளே போகும் மானிட்டர் அப்படியில்லை. நம் வீட்டு 240 வோல்ட் உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது சுமார் 340 வோல்ட் ஆகிறது. அது ஒரு பெரிய கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும். பாதுகாப்புக்கு ஈ.எல்.சி.பி (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்சு) இருக்கிறதே என்ற தைரியம் இங்கே உதவாது. தேங்கிய மின்சாரத்தை அது தடுக்காது.

செய்ய வேண்டியது இது. பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு அரை மணி நேரமாவது சும்மா வையுங்கள். திறந்ததும், போர்டில் ஆகப் பெரிய கெப்பாசிட்டரைத் தேடுங்கள்; 400 அல்லது 450 வோல்ட் என்று எழுதியிருக்கும். மீட்டரை நேர்மின்சாரத்தில் ஆகப் பெரிய எல்லைக்குத் திருப்பி அதன் இரண்டு கால்களையும் அளந்து பாருங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால், 10 கிலோஓம் ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் உறையுள்ள வயரைச் சேர்த்து, அந்தக் கால்களில் பத்து விநாடி பிடியுங்கள். திரும்ப அளந்து பாருங்கள். ஸ்குரூ டிரைவரை வைத்து "பட்" என்று சேர்ப்பதைக் காணொளிகளில் காட்டுவார்கள். தீப்பொறி கண்ணில் தெறிக்கும், கெப்பாசிட்டரும் கெடும். வேண்டாம்.

மீட்டரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சிவப்பு வயர் 10 ஆம்பியர் என்று எழுதிய துளையில் செருகப்பட்டிருந்தால் வோல்ட் அளக்கப்போய் நேரே ஷார்ட் ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் துளையைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

மோதிரம், வளையல், கைச்சங்கிலி கழற்றி வையுங்கள். காய்ந்த தரை, ரப்பர் செருப்பு. பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது, ஆனால் வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். மழை இடிக்கும்போது இந்த வேலை வேண்டாம். திறந்த நிலையில் பிளக்கைச் செருகி அளப்பதை, முன் அனுபவம் இல்லாதவர்கள் செய்யவே வேண்டாம். டியூப் வகை மானிட்டரில் பின்னொளிப் பகுதியில் பல நூறு வோல்ட் ஓடும்.

7. திறப்பது

கைலியோ பழைய போர்வையோ விரித்து, மானிட்டரை முகம் கீழாக வையுங்கள். மானிட்டர் நிற்கும் காலைக் கழற்றுங்கள். பின்பக்க ஸ்குரூக்களைக் கழற்றுங்கள். ஒன்றிரண்டு ஸ்டிக்கருக்கு அடியிலோ கால் பொருந்தும் இடத்திலோ ஒளிந்திருக்கும். எல்லாம் கழற்றியும் வரவில்லையென்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், இன்னொரு ஸ்குரூ இருக்கிறது என்று தேடுங்கள்.

முன் சட்டமும் பின் மூடியும் கொக்கிகளால் பிடித்திருக்கும். டச் என் கோ அட்டையை ஒரு மூலையில் நுழைத்து மெல்ல ஓட்டிக்கொண்டே போங்கள், டிக் டிக் என்று விடும். கத்தியோ ஸ்குரூ டிரைவரோ நுழைத்தால் பேனலின் ஓரம் உடையும். பொத்தான்கள் இருக்கும் பக்கத்தைக் கடைசியாக விடுங்கள், அங்கே மெல்லிய வயர் ஒன்று இரண்டையும் இணைத்திருக்கும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும்.

ஒவ்வொரு படிக்கும் கைப்பேசியில் படம். ஸ்குரூக்களை முட்டைத் தட்டில் வரிசையாகப் போடுங்கள், நீளம் வேறுவேறாக இருக்கும். நீளமானதைத் தவறான துளையில் முடுக்கினால் பேனலின் பின்பக்கத்தைக் குத்திவிடும்.

உள்ளே பல்லி முட்டை, எறும்பு, கரப்பான் எச்சம் எல்லாம் கிடக்கும். செம்பனைத் தோட்ட ஓரத்தில் வீடு இருந்தால் இது நிச்சயம். காய்ந்த பிரஷால் துடைத்து, 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் போர்டைச் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிடுங்கள். எறும்புக் கூட்டை எடுத்துத் துடைத்ததும் சரியாகிவிட்ட மானிட்டர்களும் உண்டு. பேனல் கண்ணாடிக்கு ஆல்கஹால் வேண்டாம். தண்ணீர் தொட்டுப் பிழிந்த துணி போதும்.

8. கெப்பாசிட்டர் மாற்றுவது

தகரப் பெட்டிக்குள் இரண்டு போர்டுகள் இருக்கும். சுவர் மின்சாரம் நுழைவது பவர் போர்டு, கேபிள் துளைகள் இருப்பது மெயின் போர்டு. பவர் போர்டில் உருளை உருளையாக நிற்பவைதான் கெப்பாசிட்டர்கள். மேல்பகுதி தட்டையாக இருக்க வேண்டும். சற்றே உப்பியிருந்தாலும், பழுப்பாகக் கசிந்திருந்தாலும் அது போய்விட்டது. உப்பாமலும் கெடும், ஆகவே ஒன்று உப்பியிருந்தால் அதே பக்கத்தில் இருக்கும் சின்ன வோல்ட் கெப்பாசிட்டர்கள் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். நாலைந்துதான் இருக்கும். காசு கூடுதலாக ஐந்தாறு வெள்ளி, ஆனால் இரண்டு மாதம் கழித்து மறுபடி திறக்க வேண்டாம்.

ஒவ்வொன்றின் மேலும் இரண்டு எண் இருக்கும்: 470 மைக்ரோஃபாரட் 25 வோல்ட், 1000 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் என்பது போல. மைக்ரோஃபாரட் அதே எண்ணாக வாங்குங்கள். வோல்ட் அதே எண் அல்லது கொஞ்சம் கூட, ஒருபோதும் குறையக் கூடாது. 105 டிகிரி என்று எழுதியதாக, குறைந்த ஈஎஸ்ஆர் (உள் மின்தடை) வகையாகக் கேளுங்கள். 85 டிகிரி வகை நம் வெக்கையில் சீக்கிரம் போய்விடும். அப்புறம் உயரத்தையும் விட்டத்தையும் அளவுகோலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எண்ணெல்லாம் சரியாக வாங்கி வந்து, கெப்பாசிட்டர் உயரமாகி மூடி மூடாமல் போவது பலருக்கும் நடக்கிறது. பெயர் தெரியாத மலிவுப் பாக்கெட்டைவிட ரூபிகான், நிச்சிகான், பானசோனிக் போன்ற பெயர்களை நம்பலாம், அதுவும் எக்கச்சக்க விலைக் குறைப்பில் இல்லாத கடையிலிருந்து.

கெப்பாசிட்டருக்குப் பக்கம் உண்டு. உடம்பில் கோடு போட்ட கால் மைனஸ். கழற்றும் முன் கோடு எந்தப் பக்கம் நிற்கிறது என்று படம் எடுத்து, போர்டில் பேனாவாலும் குறியுங்கள். மாற்றிப் போட்டால் எரியவிட்டதும் வெடிக்கும்.

அயர்னை 320 முதல் 350 டிகிரிக்குள் வையுங்கள். பழைய ஈயம் இலகுவில் உருகாது. அதன் மேல் கொஞ்சம் புது ஈயத்தையும் ஃப்ளக்ஸையும் சேர்த்தால் உருகிவிடும். பிறகு பம்பால் உறிஞ்சுங்கள். ஒரு இடத்தில் மூன்று நாலு விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள், ஆறவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். சன்னலைத் திறந்து வைத்து, புகையை முகர்ந்துவிடாமல் செய்யுங்கள். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாடு, ஏனென்றால் அது ஈயம். முதல் தடவை என்றால் உடைந்த வானொலியிலோ பழைய ஆஸ்ட்ரோ டெகோடரிலோ ஒரு மாலை பழகிக்கொள்ளுங்கள்.

பொத்தான் சுவிட்சு மாற்றுவதும் இதே முறைதான். பெரும்பாலும் 6க்கு 6 மில்லிமீட்டர் வகை. நாலு கால் உண்டு, விலை சில சென்தான்.

9. எங்கே நிறுத்த வேண்டும்

போர்டில் உள்ள கண்ணாடி ஃபியூஸ் கறுத்துப் போயிருந்தால், அது தானாகப் போகவில்லை. ஏதோ ஒரு பாகம் ஷார்ட் ஆகி அதைக் கொன்றிருக்கிறது. புது ஃபியூஸ் போட்டால் அதுவும் போகும். ஃபியூஸுக்குப் பதில் வயர் வைத்துக் கட்டினால் அடுத்தது தீ. இங்கே புதியவர்கள் கையை எடுத்துவிட்டு, முழுப் பவர் போர்டையும் மாற்றும் வழியைப் பாருங்கள்.

திரை உடைந்த மானிட்டரை 20, 30 வெள்ளிக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். முடா, கரோசல் இணையத்தளங்கள், பசார் காராட் என்ற பழைய பொருள் சந்தை எல்லா இடத்திலும் கிடைக்கும். அதன் பவர் போர்டு உங்களுக்கு உதவலாம். ஆனால் மாடல் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே மாடலுக்குள் வேறுவேறு போர்டு வைத்து விற்றிருப்பார்கள். போர்டின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, உங்களுடையதோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள்.

பின்னொளி எல்இடி பட்டை போயிருந்தால் பேனலையே அடுக்கடுக்காகப் பிரிக்க வேண்டும். உள்ளே இருக்கும் மெல்லிய தாள்களில் ஒரு தூசு விழுந்தாலும் திரையில் நிரந்தரமாகத் தெரியும். விசிறி ஓடும் நம் வரவேற்பறையில் அது நடக்கிற காரியம் இல்லை. முதல் மானிட்டரில் இதைத் தொடாதீர்கள்.

10. எரியவிட்டுப் பார்ப்பது

எல்லாக் கேபிளையும் படத்தைப் பார்த்து மாட்டுங்கள். உள்ளே ஈயத் துளி, ஸ்குரூ எதுவும் உருளவில்லை என்று மானிட்டரை மெல்ல ஆட்டிக் கேளுங்கள். தகரப் பெட்டியையும் பின் மூடியையும் முழுமையாகப் போட்ட பிறகே பிளக்கைச் செருகுங்கள். சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள். கருகிய வாடை, சீறும் சத்தம், ஈ.எல்.சி.பி விழுவது இவற்றில் எது வந்தாலும் சுவர்ச் சுவிட்சை அணைத்துவிட்டு ஆறாவது படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

ஒழுங்காக எரிந்தால் உடனே மகனின் மேசைக்குக் கொண்டுபோக வேண்டாம். ஆள் இருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் ஒருமுறை எரியவிடுங்கள். கெப்பாசிட்டர் பழுது மிச்சமிருந்தால் காலையில்தான் தலைகாட்டும்.

11. இடி மழைக் காலம்

பேராவில் ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களின் மாலை இடியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பழுது பார்த்த மானிட்டரை மறுபடி கொல்வது அதுதான். வானம் இருட்டியதும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். கணினியிலிருந்து வரும் எச்டிஎம்ஐ கேபிளையும், இணையப் பெட்டியிலிருந்து கணினிக்குப் போகும் வயரையும் கழற்றுங்கள், அந்த வழியாகவும் மின்னல் வரும். மின்னல் தடுப்பு எக்ஸ்டென்ஷன் வாங்கினால் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு வயரிங்கில் எர்த் சரியாக இல்லையென்றால் அந்த எக்ஸ்டென்ஷன் சரியாகக் காப்பாற்றாது. பழைய லயத்து வீட்டில் இருப்பவர்கள் உரிமம் பெற்ற வயர்மேனிடம் ஒருமுறை எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

12. மீட்க முடியாததை என்ன செய்வது

குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், தோட்ட ஓரத்தில் மற்ற குப்பையோடு கொளுத்தவே கொளுத்தாதீர்கள். மின்னணுக் கழிவை நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணில் அபாயக் கழிவாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். டியூப் வகைப் பின்னொளிக்குள் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் அந்த அறையிலேயே பரவும். பழைய இரும்பு வாங்க வருபவர் செப்புக்காக வீட்டு வாசலிலேயே உடைக்கக் கேட்டாலும் விடாதீர்கள்.

முதலில் உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்: கால், ஸ்குரூக்கள், நல்ல நிலையில் உள்ள மெயின் போர்டு, பொத்தான் போர்டு, கேபிள். போர்டின் எண்ணை ஒரு தாளில் எழுதி அதோடு ஒட்டி வைத்தால் அடுத்தவர் கேட்கும்போது தேட வேண்டாம். மிச்சத்தைப் பேனலை உடைக்காமல் நாளிதழில் சுற்றிப் பெட்டியில் வைத்து, வீட்டு மின்னணுக் கழிவு எடுக்கும் மையத்துக்குக் கொண்டு போங்கள். ஜபாத்தான் ஆலாம் செக்கித்தார் எனப்படும் சுற்றுச்சூழல் துறையின் இணையப் பக்கத்தில் மாநில வாரியாக மையங்களின் பட்டியல் இருக்கிறது. சில மையங்கள் வார இறுதியில் மூடியிருக்கும், சில பெரிய பொருளை எடுக்காது. பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டும் முன் ஒருமுறை தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.